சாக்கெட் 7 மதர்போர்டுக்கு எந்தச் செயலி? பென்டியம் எம்.எம்.எக்ஸ்., கே6, சிரிக்ஸ், வின்சிப் – ஓர் ஒப்பீடு

பழைய கணினிகளை மீண்டும் இயங்க வைப்பதில் ஆர்வம் கொண்ட நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பரணிலிருந்தோ பழைய சாமான் கடையிலிருந்தோ 1996 முதல் 1999 வரையிலான காலத்து மதர்போர்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் சாக்கெட் 7 எனப்படும், செயலியைப் பொருத்துவதற்கான 321 துளைகள் கொண்ட சாக்கெட் காலியாக இருக்கிறது. இன்டெல் பென்டியம் எம்.எம்.எக்ஸ். (ஒலி, படம் ஆகியவற்றை விரைவாகக் கையாளும் எம்.எம்.எக்ஸ். என்ற கூடுதல் கட்டளைகள் கொண்ட பென்டியம்) ஒன்றைத் தேடி வாங்குவதா, ஏ.எம்.டி.யின் கே6 வகையைப் பொருத்துவதா, அல்லது சிரிக்ஸ், ஐ.டி.டி. போன்ற மறைந்துபோன பெயர்களில் ஒன்றை வாங்கிப் பார்ப்பதா? நான்கும் அதே சாக்கெட்டில் அமரும், நான்கிலும் விண்டோஸ் 95 இயங்கும், விலையும் சற்று முன்பின்னாகவே இருக்கும் என்பதால் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் தவறு என்பதை விளக்கவே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு செயலி இன்னொன்றுடன் ஒத்தியங்குகிறது என்று சொல்லும்போது நாம் இரண்டு வேறு செய்திகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். ஒரே கட்டளையை ஏற்று ஒரே விடையைத் தருவது ஒன்று. அந்த விடையை ஒரே கால அளவில் தருவது மற்றொன்று. போட்டி நிறுவனங்கள் முதலாவதை ஏறத்தாழ முழுமையாகவே சாதித்தன. இரண்டாவதில் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வழியில் சென்றது. நீங்கள் இயக்கப்போகும் மென்பொருள் அந்த இரண்டாவது ஒற்றுமையை எவ்வளவு எதிர்பார்க்கிறது என்பதே உங்கள் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும்.

ஒரே சாக்கெட்டில் நான்கு நிறுவனங்கள் வந்தது எப்படி

ஐ.பி.எம். தன் முதல் தனிநபர் கணினியை 1981-இல் வெளியிட்டபோது, ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க விரும்பாமல், இன்டெலின் செயலியைத் தயாரிக்க இரண்டாவது நிறுவனம் ஒன்றும் இருக்க வேண்டும் என்று கேட்டது. ஏ.எம்.டி. அந்த வழியாகவே இந்தச் சந்தைக்குள் நுழைந்தது. இன்டெல் 386 என்ற செயலியை வெளியிட்டபின் அதன் வடிவமைப்பைப் பகிர்ந்துகொள்ள மறுத்தது, ஏ.எம்.டி. தானாகவே முயன்று 1991-இல் தன் 386-ஐக் கொண்டுவந்தது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீடித்து 1995-இல்தான் சமரசம் ஏற்பட்டது. இதற்கிடையில் எண்களை வணிகக் குறியாகப் பதிவு செய்ய முடியாது என்பது தெளிவாகிவிட்டதால், 586 என்று வரவேண்டிய செயலி 1993-இல் பென்டியம் என்ற பெயரோடு வந்தது.

நகல் என்ற சொல் அன்று பரவலாக வழங்கியது, இன்றும் வழங்குகிறது. பென்டியம் காலத்துச் செயலிகளுக்கு அந்தச் சொல் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. ஏ.எம்.டி.யின் 386-ஐ நகல் என்று சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் ஏ.எம்.டி.யின் கே6, சிரிக்ஸின் 6எக்ஸ்86, ஐ.டி.டி.யின் வின்சிப் ஆகிய மூன்றும் இன்டெலின் கட்டளைத் தொகுப்பை மட்டுமே பகிர்ந்துகொண்டு, உள்ளே முற்றிலும் தனித்தனியான சிந்தனையில் கட்டப்பட்டவை. அவை நகல்களாக இருந்திருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே தேவை இருந்திருக்காது.

எவற்றைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல் மின்னழுத்தம். இதில் தவறினால் மற்ற எல்லா ஆராய்ச்சியும் வீண். சாக்கெட் 7-இன் தொடக்கக் காலத்து மதர்போர்டுகள் செயலிக்கு 3.3 அல்லது 3.52 வோல்ட் என ஒரே மின்னழுத்தத்தைத் தந்தன. 1997-இல் எம்.எம்.எக்ஸ். வந்ததிலிருந்து உள்மையத்துக்கு ஒன்று, வெளி இணைப்புகளுக்கு ஒன்று என இரண்டாகப் பிரிந்தது. பிந்திய செயலிகளின் உள்மையம் 2.2 வோல்ட்டுக்கும் கீழே சென்றது. மதர்போர்டால் தர முடியாத மின்னழுத்தத்தைக் கேட்கும் செயலி எவ்வளவு சிறந்ததாயினும் உங்களுக்குப் பயன்படாது.

இரண்டாவது அளவுகோல் தசமக் கணக்குகளின் வேகம். மிதவைப்புள்ளிக் கணக்கு என்று பாடநூல்கள் குறிப்பிடும் இந்தப் பகுதியில்தான் போட்டியாளர்களின் வேறுபாடு மிகக் கூர்மையாகத் தெரியும். ஆவணம் எழுதுதல், கணக்கேடு, இணையம், பழைய இருபரிமாண விளையாட்டுகள் ஆகியவை பெரும்பாலும் முழு எண் கணக்குகளையே நம்பியிருப்பவை. முப்பரிமாண விளையாட்டுகளும் வரைபட மென்பொருள்களும் தசமக் கணக்கைச் சார்ந்தவை.

மூன்றாவது, காலத்தை அளப்பதில் பிழை செய்யும் மென்பொருள்களோடு செயலி எப்படி நடந்துகொள்கிறது என்பது. அந்தக் காலத்து நிரலாளர்கள் பலர், ஒரு சுழற்சி எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணிப் பார்த்துச் செயலியின் வேகத்தைக் கணித்தார்கள். செயலி அவர்கள் எதிர்பார்த்ததைவிட விரைவாக அந்தச் சுழற்சியை முடித்துவிட்டால் கணக்கு குழம்பி நிரலே நின்றுவிடும்.

இவற்றோடு, தேவைப்படும்போது வேகத்தைக் குறைக்கும் வசதி, வெளிவிடும் வெப்பம், இன்று கிடைக்கும் எளிமை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். வேகத்தைக் குறைப்பது எதற்கு என்று வியப்பவர்களுக்கு ஒரு விளக்கம்: 1980-களில் டாஸ் என்ற, விண்டோஸுக்கு முந்திய இயங்குதளத்துக்கென எழுதப்பட்ட விளையாட்டுகள் பல, விரைவான செயலியில் கண்மூடித்திறப்பதற்குள் ஓடி முடிந்துவிடும்.

| அளவுகோல் | பென்டியம் எம்.எம்.எக்ஸ். | கே6-2, கே6-3 | சிரிக்ஸ் 6எக்ஸ்86, எம்.எக்ஸ். | வின்சிப் சி6 |
|---|---|---|---|---|
| உள்மைய மின்னழுத்தம் | 2.8 வோல்ட் | பெரும்பாலும் 2.2 அல்லது 2.4 வோல்ட் | முதல் வகை 3.3 அல்லது 3.52, எம்.எக்ஸ். 2.9 வோல்ட் | ஒற்றை மின்னழுத்தம், 3.3 அல்லது 3.52 வோல்ட் |
| முழு எண் வேகம் | நடுத்தரம் | மிக நன்று | கடிகார வேகத்துக்கு மிக நன்று | நடுத்தரம் |
| தசமக் கணக்கு | கடிகார வேகத்துக்கு முதலிடம் | உயர் கடிகார வேகத்தால் ஈடுசெய்கிறது | பலவீனம் | பலவீனம் |
| காலப் பிழைத் தொல்லை | குறைவு | 350 மெகாஹெர்ட்ஸ் முதல் உண்டு | குறைவு. அடையாளச் சிக்கல் உண்டு | குறைவு |
| வெப்பம் | மிதம் | மிதம் | முதல் வகையில் அதிகம் | குறைவு |
| கிடைக்கும் எளிமை | எளிது | கே6-2 எளிது. கே6-3 அரிது | நாளுக்கு நாள் அரிது | அரிது |

இன்டெல் பென்டியம் எம்.எம்.எக்ஸ்.

1997 ஜனவரியில் 166, 200 மெகாஹெர்ட்ஸ் வேகங்களிலும், அதே ஆண்டின் நடுப்பகுதியில் 233 மெகாஹெர்ட்ஸிலும் வெளியான இந்தச் செயலி, சாக்கெட் 7-க்காக இன்டெல் தயாரித்த கடைசி மேசைக்கணினிச் செயலி. இதன் பெருமை கடிகார வேகத்தில் இல்லை. அந்தக் காலத்து மென்பொருள் அனைத்தும் இதன் குடும்பத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது என்பதுதான் இதன் உண்மையான வலிமை.

இதற்கு மிகச் சிறந்த சான்று 1996-இல் வெளியான குவேக் விளையாட்டு. பென்டியத்தின் தசமக் கணக்குப் பகுதி, ஒரு கணக்கு முடிவதற்கு முன்பே அடுத்த கணக்கைத் தொடங்கும் வகையில் அமைந்தது. அடுக்கில் உள்ள இரண்டு எண்களை இடம் மாற்றும் கட்டளை அதில் பெரும்பாலும் கூடுதல் நேரமே எடுக்காது. குவேக்கின் அசெம்பிளி நிரல் இந்த இயல்புகளை நுணுக்கமாக அளந்து, ஒவ்வொரு கட்டளையையும் அதற்கேற்ற வரிசையில் அடுக்கி எழுதப்பட்டது. வேறு செயலியில் அதே நிரல் அதே படத்தைத்தான் வரையும். ஆனால் அந்த நுணுக்கமான அடுக்கல் அங்கே எந்த உதவியும் செய்யாது. அதுவரை அலுவலக மென்பொருள் சோதனைகளில் பென்டியத்தோடு தோளோடு தோள் நின்ற போட்டிச் செயலிகள், ஒரே ஒரு விளையாட்டால் ஆர்வலர்களின் மதிப்பில் சரிந்தது இப்படித்தான்.

வேகத்தைக் குறைக்கும் வசதியிலும் இது சிறந்தது. செட்மல் போன்ற சிறு டாஸ் நிரலைக் கொண்டு இதன் கேஷ் நினைவகத்தையும் (அடிக்கடி தேவைப்படும் தரவை வைத்திருக்கும் சிறிய, விரைவான நினைவகம்) வேறு சில உள்வசதிகளையும் தனித்தனியாக நிறுத்திவைக்க முடியும். அதனால் ஒரே கணினியை 386 அளவு வேகத்திலும் முழுப் பென்டியம் வேகத்திலும் மாறி மாறிப் பயன்படுத்தலாம்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், முதலாவது 2.8 வோல்ட் தரும் மதர்போர்டு இதற்குக் கட்டாயம் வேண்டும் என்பது. இரண்டாவது, பலரும் கவனிக்காத ஒன்று: இதற்கு இணையாக விற்கப்பட்ட இன்டெல் 430வி.எக்ஸ்., 430டி.எக்ஸ். சிப்செட் (மதர்போர்டின் பாகங்களை இணைக்கும் சில்லுத் தொகுதி) கொண்ட மதர்போர்டுகள் முதல் 64 மெகாபைட் நினைவகத்துக்கு மட்டுமே கேஷ் வசதி தரும். 128 மெகாபைட் பொருத்தினால் கணினி வேகம் குறையவே செய்யும். செயலியின் குற்றமல்ல இது என்றாலும், பென்டியம் எம்.எம்.எக்ஸ். வாங்குபவர் பெரும்பாலும் சந்திக்கும் தடை இது. இன்டெல் என்பதால் பிழையே இல்லை என்றும் கருத வேண்டாம். ஒரு குறிப்பிட்ட தவறான கட்டளைத் தொடரைக் கொடுத்தால் செயலி அப்படியே உறைந்துபோகும் பிழை 1997-இல் கண்டறியப்பட்டது, எம்.எம்.எக்ஸ். வகையிலும் அது உண்டு. தனியாக விளையாட்டு ஆடும் ஒருவரை அது பாதிக்காது.

ஏ.எம்.டி. கே6 குடும்பம்

கே6-இன் கதையே போட்டியின் இயல்பை விளக்கப் போதுமானது. ஏ.எம்.டி. சொந்தமாக வடிவமைத்த கே5 தாமதமாக, 1996-இல் வந்து சேர்ந்தது. அதற்குள் நெக்ஸ்ஜென் என்ற சிறு நிறுவனத்தை வாங்க ஏ.எம்.டி. முடிவு செய்திருந்தது. நெக்ஸ்ஜென்னின் முந்தைய செயலிக்குத் தனி மதர்போர்டே தேவைப்பட்டது. பென்டியத்தின் சாக்கெட்டில் அது அமராது என்பதே அதன் பெருங்குறை. அவர்களுடைய அடுத்த வடிவமைப்பைச் சாக்கெட் 7-க்கு ஏற்றபடி மாற்றி ஏ.எம்.டி. 1997 ஏப்ரலில் கே6 என்று வெளியிட்டது. இன்டெலில் பென்டியம் உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கிய, புனேயில் பிறந்த வினோத் தாம், 1995-இல் நெக்ஸ்ஜென்னில் சேர்ந்து, அங்கிருந்து ஏ.எம்.டி.க்கு வந்து கே6 வெளியீட்டிலும் பங்கு வகித்தார். அசலையும் அதன் போட்டியாளரையும் உருவாக்கிய குழுக்களில் ஒரே மனிதர் இருந்தார் என்பதை நினைத்தால், நகல் என்ற சொல் எவ்வளவு பொருத்தமற்றது என்பது இன்னும் தெளிவாகும்.

1997 மே மாதம் இன்டெல் பென்டியம் 2-ஐயும் அதற்கான ஸ்லாட் 1-ஐயும் கொண்டுவந்தது. அந்தப் புதிய இணைப்பைப் பயன்படுத்தும் உரிமை ஏ.எம்.டி.க்கு இல்லை. எனவே இன்டெல் கைவிட்ட சாக்கெட் 7-ஐயே 100 மெகாஹெர்ட்ஸ் பஸ் (செயலி மற்ற பாகங்களோடு தரவு பரிமாறும் பாதை) வேகத்துக்கு உயர்த்தி, வியா, ஏ.எல்.ஐ. ஆகிய சிப்செட் நிறுவனங்களோடு சேர்ந்து சூப்பர் 7 என்ற வழியை ஏ.எம்.டி. அமைத்துக்கொண்டது. 1998 மே மாதம் வந்த கே6-2 அந்த வழியின் முதல் பயணி. தசமக் கணக்கில் இருந்த பின்னடைவை ஈடுகட்ட, ஒரே கட்டளையில் இரண்டு எண்களைக் கையாளும் த்ரீடி நவ் என்ற புதிய கட்டளைத் தொகுப்பை அது கொண்டுவந்தது. இங்கே நிலைமை தலைகீழானது: அதுவரை இன்டெலோடு ஒத்துப்போக முயன்ற நிறுவனம், இன்டெலில் இல்லாத ஒன்றை மென்பொருள் எழுதுபவர்களிடம் கேட்டது. குவேக் 2-க்கு வூடூ 2 என்ற முப்பரிமாண கிராஃபிக்ஸ் அட்டையோடு த்ரீடி நவ் வசதி வந்தபோது வேகம் கண்கூடாக உயர்ந்தது. அந்த வசதியைச் சேர்க்காத விளையாட்டுகளில் பழைய பலவீனம் அப்படியே இருந்தது. ஆகவே கே6-2 வாங்குமுன், நீங்கள் ஆட விரும்பும் விளையாட்டு த்ரீடி நவ் வசதியை ஏற்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

1999 பிப்ரவரியில் வந்த கே6-3 செயலிக்குள்ளேயே 256 கிலோபைட் இரண்டாம் நிலை கேஷைக் கொண்டிருந்தது. மதர்போர்டில் இருந்த கேஷ் மூன்றாம் நிலையாக மாறியது. மேலே சொன்ன 64 மெகாபைட் தடையின் தாக்கம் இதில் பெரிதும் குறைந்துவிடும். அடுத்த ஆண்டு மடிக்கணினிக்காக வந்த கே6-2 பிளஸ், கே6-3 பிளஸ் ஆகியவை 2.0 வோல்ட்டில் இயங்குபவை. பெருக்கெண்ணை (செயலியின் வேகம் பஸ் வேகத்தின் எத்தனை மடங்கு என்பதை) மென்பொருள் மூலமே மாற்றும் வசதி அவற்றில் உண்டு. கணினியை நிறுத்தாமலே வேகத்தை ஏற்றி இறக்கலாம் என்பதால் ஆர்வலர்களிடையே இவற்றுக்குத் தனி மதிப்பு உள்ளது; விலையும் அதற்கேற்ப உயர்ந்திருக்கிறது.

இனி மறைமுகச் செலவுகள். கே6-2-இன் 350 மெகாஹெர்ட்ஸ் முதலான வகைகளில் விண்டோஸ் 95 தொடங்கும்போதே பாதுகாப்புப் பிழை என்று கூறி நின்றுவிடக்கூடும். சுழற்சிக் கட்டளையை கே6-2 மிக விரைவாக முடித்துவிடுவதால், அதை எண்ணிக் காலத்தை அளந்த விண்டோஸின் பகுதி சுழியால் வகுக்க முற்பட்டுத் தடுமாறியதே காரணம். செயலி செய்தது பிழையன்று; விரைவாக இயங்கியதுதான் அது செய்தது. ஒத்தியங்குதலின் இரண்டாவது பொருள் எங்கே முறிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இதற்கெனத் திருத்தக் கோப்பு வெளியிடப்பட்டது. அதை நிறுவலாம், அல்லது விண்டோஸ் 98-ஐப் பயன்படுத்தலாம். டர்போ பாஸ்கலில் எழுதப்பட்ட பழைய நிரல்கள், விரைவான செயலிகளில் பிழை எண் 200 என்று காட்டி நிற்பதும் இதே வகைத் தொல்லைதான்; அதற்கும் திருத்தங்கள் கிடைக்கின்றன.

மின்னழுத்தமே பெரிய செலவு. 2.2 வோல்ட் தரும் என்று உறுதி சொல்லி விற்கப்பட்ட மதர்போர்டு ஒன்றை நான் இணையத்தில் வாங்கினேன். செயலியைப் பொருத்துமுன் மல்டிமீட்டரால் அளந்து பார்த்தபோது 2.8 வோல்ட்டுக்குக் கீழே எந்த ஜம்பர் (அமைப்புகளை மாற்ற மதர்போர்டில் உள்ள சிறு இணைப்பி) அமைப்பிலும் இறங்கவில்லை. அளக்காமல் பொருத்தியிருந்தால் செயலியை இழந்திருக்கக்கூடும். இதற்கு நேர்மாறாக, கையேட்டில் குறிப்பிடப்படாத ஜம்பர் அமைப்பில் 2.2 வோல்ட் தரும் மதர்போர்டுகளும் உண்டு. இரண்டு வகையிலும் அளந்து பார்ப்பதே வழி. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ் மட்டுமே உள்ள பழைய மதர்போர்டு 2.2 வோல்ட் தருமானால் மகிழலாம்: பிந்திய கே6-2 செயலிகள் இரண்டு மடங்கு என்ற ஜம்பர் அமைப்பை ஆறு மடங்கு என்று எடுத்துக்கொள்ளும், அதனால் 400 மெகாஹெர்ட்ஸ் கிடைத்துவிடும்.

சூப்பர் 7 மதர்போர்டுகளின் ஏ.ஜி.பி. இணைப்பு, அந்தக் காலத்தின் பிந்திய கிராஃபிக்ஸ் அட்டைகள் சிலவற்றோடு ஒத்துப்போகாமல் தொல்லை தந்தது. சிப்செட் இயக்கிகளைத் தேடி நிறுவும் நேரத்தையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிரிக்ஸ் 6எக்ஸ்86, 6எக்ஸ்86எம்.எக்ஸ்., எம்-2

இந்த நான்கில் என் மனம் ஒட்டியிருப்பது சிரிக்ஸோடுதான் என்பதை மறைக்கப் போவதில்லை. டெக்சஸ் மாநிலத்தின் ரிச்சர்ட்சன் நகரில் 1988-இல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனத்துக்குச் சொந்தத் தொழிற்சாலை கிடையாது. கணிதத் துணைச்செயலிகளில் தொடங்கி, 1995-இல் 6எக்ஸ்86 வழியாகப் பென்டியத்துக்கு நேரடிப் போட்டியாக நின்றது. தயாரிப்பை ஐ.பி.எம்., எஸ்.ஜி.எஸ். தாம்சன் ஆகியவை ஏற்றன. இன்டெலோடு உரிம ஒப்பந்தம் உள்ள தொழிற்சாலைகளில் தயாரிப்பது காப்புரிமை வழக்குகளுக்கு எதிராகச் சிரிக்ஸுக்கு ஒரு கேடயமாகவும் இருந்தது. ஐ.பி.எம். தயாரித்தவற்றில் ஒரு பங்கைத் தன் பெயரிலேயே விற்றது என்பதால், ஐ.பி.எம். முத்திரையோடு கிடைக்கும் 6எக்ஸ்86-உம் இதே செயலிதான், தயங்காமல் வாங்கலாம்.

கட்டளைகளை வரிசை மாற்றி நிறைவேற்றும் திறன் இதற்கு இருந்தது. பென்டியத்துக்கு அது இல்லை. எனவே முழு எண் கணக்கில் 150 மெகாஹெர்ட்ஸ் சிரிக்ஸ் 200 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்துக்கு ஈடு கொடுத்தது. இதை வாங்குபவருக்கு எப்படிப் புரியவைப்பது என்ற கேள்விக்கு விடையாக, 1996-இல் சிரிக்ஸ், ஏ.எம்.டி., ஐ.பி.எம்., எஸ்.ஜி.எஸ். தாம்சன் ஆகிய நான்கும் சேர்ந்து பி.ஆர். என்ற தர எண்ணை அறிமுகப்படுத்தின. மேற்சொன்ன 150 மெகாஹெர்ட்ஸ் செயலியின் பெயர் பி.ஆர்.200 பிளஸ். அந்த எண் அலுவலக மென்பொருள் சோதனையை அடிப்படையாகக் கொண்டது. அந்த எல்லைக்குள் அது நேர்மையான எண். ஆனால் தசமக் கணக்குக்கு அது பொருந்தவே பொருந்தாது. குவேக் வாங்கிய ஒருவர் 200 என்ற எண்ணை நம்பி ஏமாந்தபோது, அவர் கோபம் செயலியின் முழு எண் திறமையையும் சேர்த்தே புதைத்துவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. வடிவமைப்பாளர்கள் அன்றைய பெரும்பாலான பயனர்கள் எதைச் செய்தார்களோ அதற்கே தங்கள் டிரான்சிஸ்டர்களைச் செலவழித்தார்கள்; அது அறிவுடைய முடிவுதான்.

மறைமுகச் செலவுகள் இதற்கே மிக அதிகம். பி.ஆர்.200 பிளஸ் 75 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸைக் கேட்கும். அதில் பாதியான 37.5 மெகாஹெர்ட்ஸில், விரிவாக்க அட்டைகளுக்கான பி.சி.ஐ. இணைப்பு ஓடும். 33 மெகாஹெர்ட்ஸுக்கென வடிவமைக்கப்பட்ட அட்டைகள் சில அதைத் தாங்கும், சில தாங்காமல் வட்டில் தரவைக் கெடுத்துவிடும். தொடக்கக் கால 6எக்ஸ்86 மிகுந்த வெப்பத்தை வெளியிடும். நல்ல விசிறியும் ஹீட்சிங்கும் தனியாக வாங்க வேண்டும். மதர்போர்டின் மின்னழுத்தச் சீராக்கிகளும் சூடாகும். 2.8 வோல்ட் உள்மையம் கொண்ட எல் வகை கிடைத்தால் அதையே எடுங்கள். செயலியின் அடையாளக் கட்டளை தொடக்கத்தில் முடக்கப்பட்டிருப்பதால், சில மென்பொருள்கள் இதை 486 என்று எண்ணி நிறுவ மறுக்கும். அதை இயக்கிவைக்கச் சிறு நிரல்கள் உண்டு. விண்டோஸ் என்.டி. 4.0, தொடக்கப் பதிப்புச் செயலிகளில் கேஷின் ஒரு பகுதித் திறனை முடக்கி வேகத்தைக் குறைத்துவிடும்.

1997-இல் வந்த 6எக்ஸ்86எம்.எக்ஸ்., பின்னர் எம்-2 என்று பெயர் மாற்றப்பட்டது. 64 கிலோபைட் கேஷ் கொண்ட இதில் இந்தத் தொல்லைகள் பல குறைந்துவிட்டன. ஆனால் பெயர் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். அதே தர எண்ணில் வெவ்வேறு பஸ் வேகம் கொண்ட வகைகள் உள்ளன. செயலியின் மேல் பொறிக்கப்பட்டுள்ள பஸ் வேகத்தையும் பெருக்கெண்ணையும் படித்துவிட்டே பணம் கொடுங்கள். செராமிக் உடலும் பொன்முலாமும் கொண்ட பழைய சிரிக்ஸ்களைப் பொன் பிரித்தெடுப்பவர்கள் கிலோ கணக்கில் வாங்கி உருக்குவதால் நல்ல நிலையில் கிடைப்பவை ஆண்டுதோறும் குறைந்துவருகின்றன.

ஐ.டி.டி. வின்சிப் சி6

டெக்சஸின் ஆஸ்டின் நகரில் கிளென் ஹென்றி தலைமையில் இயங்கிய சென்டார் என்ற சிறு குழு, 1997-இல் இதைக் கொண்டுவந்தது. ஏ.எம்.டி.யும் சிரிக்ஸும் சிக்கலான வடிவமைப்பால் பென்டியத்தை வெல்ல முயன்றபோது, இந்தக் குழு எதிர்த்திசையில் சென்றது: ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, வரிசை மாற்றம் இல்லை, 64 கிலோபைட் கேஷ், சிறிய சிலிக்கான், குறைந்த வெப்பம், குறைந்த விலை. அலுவலகப் பணிகளில் அதே கடிகார வேகப் பென்டியத்துக்கு அருகில் வரும். முப்பரிமாண விளையாட்டில் பின்தங்கும்.

இதன் அருமை ஒற்றை மின்னழுத்தத்தில் இருக்கிறது. 3.3 அல்லது 3.52 வோல்ட் மட்டுமே தரும் 1995–96 காலத்து மதர்போர்டில் எம்.எம்.எக்ஸ். கட்டளைகள் வேண்டுமென்றால், மின்னழுத்த மாற்றி இல்லாமல் நேரடியாகப் பொருந்தும் சில வழிகளில் இது ஒன்று. பயாஸ் (கணினி தொடங்கும்போது இயங்கும் அடிப்படை நிரல்) இதன் பெயரை அறியாமல் வேறொன்றாகக் காட்டலாம். இயக்கத்துக்கு அது பெரும்பாலும் தடையாகாது. சென்டார் 1999-இல் வியாவுக்குக் கைமாறியது. 2021-இல் அதன் பொறியாளர்களில் பலரை இன்டெல் எடுத்துக்கொண்டது.

எந்தச் சூழலுக்கு எது

உங்கள் நோக்கம் 1996–97 காலத்து டாஸ் விளையாட்டுகளும், அதற்கு முந்தியவையும் என்றால், மதர்போர்டு 2.8 வோல்ட் தருமானால், பென்டியம் எம்.எம்.எக்ஸ். 200 அல்லது 233 வாங்குங்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. அந்த மென்பொருளின் காலக்கணக்கு பென்டியத்தின் காலக்கணக்கு.

விண்டோஸ் 98-உம் 1998–2000 காலத்து முப்பரிமாண விளையாட்டுகளும் நோக்கம் என்றால், சூப்பர் 7 மதர்போர்டும் கே6-2 400 அல்லது அதற்கு மேற்பட்டதும், வூடூ அட்டை ஒன்றும் நல்ல சேர்க்கை. ஆனால் மதர்போர்டையும் இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் சற்றே நில்லுங்கள். போட்டியாளர்களின் விலைக்கு ஈடுகொடுக்கவே 1998-இல் இன்டெல் கொண்டுவந்த செலரான் வரிசையில், அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த 300ஏ, முப்பரிமாண விளையாட்டுகளில் கே6-2-ஐவிடச் சீரான முடிவைத் தரும். அதற்குச் சாக்கெட் 7 உதவாது. வேறு மதர்போர்டு வேண்டும். கையில் ஏற்கெனவே சூப்பர் 7 இருப்பவருக்கே கே6-2 சிக்கனமானது. ஒரே கணினியில் 1985 முதல் 2000 வரையிலான மென்பொருள் அனைத்தும் ஓட வேண்டும் என்றால், 2.0 வோல்ட் தரும் மதர்போர்டும் திருத்தப்பட்ட பயாஸும் இருக்குமானால், கே6-3 பிளஸுக்குக் கூடுதல் விலை கொடுப்பது தகும்.

பழைய அலுவலக மென்பொருள்கள், தட்டச்சு, நிரலாக்கம், இருபரிமாண விளையாட்டுகள் ஆகியவற்றோடு நின்றுவிடுபவர், அந்தக் காலப் போட்டியை நேரில் உணர விரும்புபவர், சிரிக்ஸ் எம்-2 ஒன்றை 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் பொருத்தலாம். பி.சி.ஐ. தொல்லை இருக்காது, அலுவலக வேகம் குறையாது, குவேக்கை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள்.

ஒற்றை மின்னழுத்த மதர்போர்டு மட்டுமே கையில் உள்ளவருக்கு முதல் வகை சிரிக்ஸ் 6எக்ஸ்86-ஐத் தவிர்த்தால், நான் பரிந்துரைக்கும் வழிகள் இரண்டுதான்: எம்.எம்.எக்ஸ். இல்லாத பழைய பென்டியம், அல்லது வின்சிப். பழைய பென்டியம் 133-உம் 166-உம் எளிதாகக் கிடைக்கும். தசமக் கணக்கிலும் வின்சிப்பை வெல்லும். எம்.எம்.எக்ஸ். கட்டாயமாகத் தேவைப்படும் மென்பொருள் ஏதேனும் உங்களிடம் இருந்தால் மட்டும் வின்சிப்பைத் தேடுங்கள். எதை வாங்கினாலும், செயலியைப் பொருத்துமுன் மதர்போர்டின் மேல் அச்சிட்டுள்ள ஜம்பர் அட்டவணையைப் படித்து, அந்த அமைப்பில் உண்மையில் வரும் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் ஒருமுறை அளந்துவிடுங்கள்.